ஆம்ப்பில் என்ன கோளாறு?

"இந்த ஆம்ப் மறுபடியும் கழுத்தறுக்குது தம்பி" என்றபடி ஸ்பேர் அண்ணன் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை மெக்கானிக்கின் மேசைமேல் தூக்கி வைத்தார்.

ஸ்பேர் அண்ணன் பேஸ் கிட்டார் வாசிப்பவர். ஒயர், பேட்டரி, கம்பி எதுவானாலும் ஒன்றுக்கு இரண்டாகப் பையில் வைத்திருப்பார். அதனால் மேடைக்காரர்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"நேத்து ரெண்டு பாட்டுல தப்பான இடத்துல நுழைஞ்சிட்டேன். ஆம்ப் நடுவுல கட்டாச்சு, என் வாசிப்பு எனக்கே கேக்கலன்னு சொல்லித் தப்பிச்சேன். இன்னொரு தடவை இப்படி ஆனா வேற ஆளைப் போட்டுக்கறேன்னு தலைவர் சொல்லிட்டார். நாளைக்குப் பெரிய ஹோட்டல்ல புரோகிராம்."

தலைவர் என்பது அந்தக் குழுவின் கீபோர்டுக்காரர். வெளியே வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். ரசீது மேசையில் இருந்த அவர் மனைவியும் எட்டிப் பார்த்தாள். பதினோரு வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். முள் எங்கே நின்றால் நல்லது, எங்கே நின்றால் கோளாறு என்று அவளுக்கும் அத்துப்படி. எல்லா இடத்திலும் முள் சரியாகவே நின்றது.

மெக்கானிக் பெட்டியை மூடினார். பிறகு கழிவுப் பாகங்கள் போடும் டப்பாவைக் கிளறி, என்றைக்கோ வெடித்துப்போன கபாசிட்டர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுதான் போயிருந்துச்சு அண்ணே. மாத்திட்டேன். தலைவர்கிட்டயும் காட்டுங்க."

வாய் கூசாமல் சொன்னார். ஈயம் பற்ற வைக்கும் கருவிக்கு அவர் கரண்ட்கூடக் கொடுத்திருக்கவில்லை.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்று மாதத்தில் இது மூன்றாவது முறை. போன இரண்டு தடவையும் தான்தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அவர் அதோடு விடவில்லை. "ஸ்பீக்கர் பெட்டியும் சின்னது அண்ணே. பதினஞ்சு இன்ச் போட்டது ஒண்ணு விலைக்கு இருக்கு. மேடையில காலோட ஒட்டி வெச்சுக்கங்க."

மெக்கானிக் கடையிலிருந்த பழைய பேஸ் கிட்டாரை அதில் இணைத்துத் தடித்த கம்பியை மீட்டிக் காட்ட, ஸ்பேர் அண்ணன் பெட்டியின் பலகைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"நம்பி எடுக்கலாமா தம்பி?"

"கண்ணை மூடிக்கிட்டு எடுங்க."

பாவி மனுஷன், வந்தவர் தலையில் இப்படியா மிளகாய் அரைப்பது என்று அவள் உள்ளுக்குள் குமைந்தாள். ஸ்பேர் அண்ணன் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனதும் வெடித்தாள்.

"ஏங்க, அந்த ஆம்ப்புல ஒண்ணுமே போகலியே."

"ரசீதுல கபாசிட்டர்னு எழுது."

"இந்தத் திருட்டுக்கு என் கையெழுத்தா?"

"எதுவும் கேக்காதே. எழுது" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் பின்பக்கம் போனார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. பேனாவைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தாள்.

ஸ்பேர் அண்ணன் வேனின் பின்பக்கம் ஆம்ப்பை ஏற்றிக்கொண்டிருந்தார். வேன் உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணா."

அவர் திரும்பவில்லை. அவள் எதிரில் போய் நின்றாள்.

"அண்ணா, ஆம்ப்புல ஒரு கோளாறும் இல்ல. என் வீட்டுக்காரர் பொய் சொல்லிட்டார்."

"என்ன தங்கச்சி?"

இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்து, குரலை உயர்த்தி மறுபடி சொன்னாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"உங்க ஆம்ப் நல்லா இருக்கு! அது ஒரு நாளும் கெட்டுப்போகல!"

வேனின் இன்ஜின் நின்றது. தலைவர் கதவைத் திறந்து இறங்கினார். அவளைப் பார்த்தார். பிறகு ஸ்பேர் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "அண்ணே" என்றார்.

ஸ்பேர் அண்ணன் திரும்பவில்லை.

இப்போது தெருவில் எந்தச் சத்தமும் இல்லை. "அண்ணே" என்று தலைவர் இன்னும் பலமாகக் கூப்பிட்டார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஸ்பேர் அண்ணன் மட்டும் இவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவர் அவர் தோளைத் தொட்டார். திரும்பிய ஸ்பேர் அண்ணனுக்கு அந்த முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வரேனே" என்றார். "கால்ல அதிர்றதை வெச்சு வாசிச்சிடுவேன்."

தலைவர் தரையைப் பார்த்தபடி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் நாளைக்கு மேடை ஏறியாக வேண்டும்.

ஸ்பேர் அண்ணன் ஆம்ப்பையும் புதுப் பெட்டியையும் கிட்டாரையும் ஒவ்வொன்றாகத் தெருவில் இறக்கி வைத்தார். ஈரக் கையோடு ஓடிவந்த மெக்கானிக் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீ என்ன பண்ணுவே தங்கச்சி" என்றார் ஸ்பேர் அண்ணன். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. "என் ரெண்டு காதும் போய் மூணு மாசம் ஆச்சு. உன் வீட்டுக்காரர் சொன்ன பொய்யிலதான் இத்தனை நாள் என் வீட்டுல சாப்பாடு நடந்துச்சு."