மஞ்சள் கரிசலாங்கண்ணி

கட்டிலில் அவள் கணவன். தலைமாட்டில் அவன் அக்கா. வாசல் நாற்காலியில் மாமனார். அடுக்களை நிலையில் சாய்ந்தபடி அவள்.

அவன் மறுபடி வாந்தி எடுத்தான்.

“பித்தம் எறங்குது,” என்றாள் மதினி, வாளியை நகர்த்திக்கொண்டே. “ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு நான்தான் குதிச்சேன். நீ சொன்னதுதாம்ட்டி சரி.”

அவள்தான் சொன்னாள். காமாலைக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி. அவளுடைய அப்பாவுக்கு அதில்தான் குணமானது.

வாய்க்கால் கரையில் பறித்ததாகவும் சொன்னாள்.

வாய்க்கால் கரையைப் பொக்லைன் வழித்துப் போட்டிருந்தது. ஒரு செடி இல்லை. திரும்பும் வழியில் நாற்கரச் சாலையின் நடுவே, அழகுக்கு வைத்த பாத்தி.

அதே மஞ்சள். அதே பூ.

மடி நிறையப் பறித்தாள்.

இன்று காலையில்தான் இலையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பல் போல ஒரு முனை.

அப்பாவுக்குப் பறித்த இலை நீளமாக இருக்கும். பல் கிடையாது.

இருந்ததோ?

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த ஆவுடையப்பன் வைத்தியர் போன் வைத்துக்கொள்வதில்லை. இலையைக் கசக்கி மோந்து பார்த்துத்தான் எதையும் சொல்வார். அவர் ஊருக்குப் போகிற பேருந்தில் கொடுத்துவிட்டால் சேர்ந்துவிடும்.

தாள் எடுத்தாள். ஓரம் மடித்தாள். வலது மூலையில் ஊர், தேதி.

‘ஐயா, எனக்குத் தெரிந்த ஒரு பெண் இந்த இலையைத் தன் வீட்டுக்காரருக்கு’

அடித்தாள்.

‘ஐயா, இந்த இலையை நான் என் வீட்டுக்காரருக்கு’

“யாருக்கும்மா எழுதுத?” என்றார் மாமனார்.

“வைத்தியருக்கு, மாமா. கொணமாயிட்டு வருதுன்னு.”

பூவையும் இலையையும் உள்ளே வைத்தாள். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து உறையை ஒட்டினாள். பிரிந்துவிடாமல் அமுக்கிப் பிடித்தாள்.

எதிர்சாரியில் பேருந்து வந்து நின்றது. ஓடினாள். சுற்றிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

கண்டக்டர் உறையை வாங்கிப் பைக்குள் செருகினார். “அவசரமாக்கா?”

“பதில கையோட வாங்கிட்டு வந்துருங்கண்ணே.”

பேருந்துக்கு அந்தப் பக்கம், வீட்டு வாசலிலிருந்து மதினியின் குரல்.

“ஏட்டி, நீ மெதுவா வா! அடுத்த வேளைக்கு நானே அரைச்சுட்டேன். தம்பிக்குக் குடுத்துருதேன்.”

“குடுக்காதிய மதினி! அது வாய்க்கா கரையில…”

கண்டக்டர் விசில் அடித்தார்.

பேருந்து உறுமிக்கொண்டு கிளம்பியது. எதிரே வாசலில் மதினி இல்லை.