சிவப்புப் பொட்டு

கத்திரிச் செடிகளைத் தோண்டிப் போட்ட பெருச்சாளி கூண்டில் சிக்கியது. சாலமோன் அதன் முதுகில் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து, ஆரணி ஆற்றைத் தாண்டி விட்டுவிட்டு வந்தான். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் தேறாத இரும்பு வார்ப்புகளுக்கு அவன் வைக்கிற அதே பொட்டு.

மறுநாள் காலை கூண்டில் அதே பொட்டோடு பெருச்சாளி இருந்தது. கொன்று, முருங்கை மரத்தடியில் புதைத்தான். அடுத்த காலையும் இருந்தது. ரோமத்தில் ஈர மண். புதைத்த குழி மூடியபடியே கிடந்தது.

"இன்னாத்துக்குயா செகப்பு வச்சே?" என்றாள் அவன் மனைவி கன்னியம்மா. "செகப்பு வச்சத உருக்கி ஊத்துனா, திரும்ப உன் கைக்கே வந்துகினு இருக்கும்னு நீதானே சொன்னே?"

"அது இரும்புடி."

சாயங்காலம் பெயிண்ட் டப்பாவைக் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குப் போனான். போன வருஷம் காய்ச்சலில் இறந்த மகள் ஜெனிபரின் சிலுவையில் சிவப்புப் பொட்டு காய்ந்திருந்தது.

இப்போதெல்லாம் கன்னியம்மா விடிந்ததும் வாசல் கதவைத் திறந்து, தெருவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு தோட்டத்துக்குப் போகிறாள்.

கூண்டில் பெருச்சாளி இருக்கிறது.