ஒன்பதாவது பெயர்

யூதர் மசூதியின் படிக்கட்டில் உட்கார்ந்து சம்மட்டிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யூதர்களின் ஜெப ஆலயத்தை அந்தத் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள்.

சாட்சிக் கையெழுத்து விழுந்தால் இடிக்கத் தொடங்கிவிடலாம்.

கட்டட முதலாளியின் குமாஸ்தா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். ரோஷன் ஆன்ட்டி திறந்தாள். துணி தைத்துப் பிழைக்கும் பார்சிக்காரி. பதினைந்து வருடத்துக்கு முன் கராச்சியின் வேறொரு மூலையிலிருந்து தனியாக வந்தவள். என்ன சத்தம் என்று பக்கத்து வீட்டு ஷமீமும் வந்து நின்றாள்.

ஜெப ஆலயம் பஞ்சுக் கிடங்காகி வெகுகாலம். சுற்றியிருந்த மர பால்கனி வீடுகள் போய் ஆறு மாடிகள் எழுந்துவிட்டன. போன மாதம் யாரோ அதன் சுவரில் சிவப்புச் சாயத்தில் எழுதிவிட்டுப் போனார்கள்: ‘ஒருத்தர் மிச்சமிருந்தாலும் விடமாட்டோம்.’

யாரும் அதை அழிக்கவில்லை.

“நிர்வாகக் குழுவுல ஒம்பது பேர், ஆன்ட்டி. எட்டுப் பேரு பம்பாய், இஸ்ரேல்னு போயாச்சு. இந்த ஒருத்திதான் என்ன ஆனான்னு தெரியல. உசிரோட வந்து கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, கோர்ட்டு எங்களை ஒரு செங்கல்லக்கூடத் தொட விடாது.”

பட்டியலில் விரலை வைத்துக் காட்டினான். ரூத் பென்கர்.

படிக்கட்டில் இருவர் எழுந்து நின்று இந்தப் பக்கமே பார்த்தார்கள்.

“அந்தப் பொம்பள செத்துப்போச்சு” என்றாள் ரோஷன் ஆன்ட்டி. “எழுபத்தொம்பதுல. அடக்கத்துக்கு நான் போயிருந்தேன்.”

“அப்பாடா! அதையே எழுதிட்டேன். இங்க கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை வாங்கினாள். இத்தனை வருடம் பழகியும் கை பழைய பெயரைத் தொடங்கிவிட்டது. இரண்டாம் எழுத்தில்தான் சுதாரித்தாள். நல்லவேளை, உருதுவில் ரூத்துக்கும் ரோஷனுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றுதான். மீதியை மெதுவாக எழுதி முடித்தாள்.

“இன்னொரு சாட்சி வேணுமே” என்றான் குமாஸ்தா.

ஷமீம் முன்னால் வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

“குடுங்க. அந்த அடக்கத்துக்கு நானும்தான் போயிருந்தேன்.”

முதல் அடி விழுந்தது. தூசி தெருவைத் தாண்டி வந்தது. ரோஷன் ஆன்ட்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஷமீமின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷமீம் லாகூரிலிருந்து இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தது எண்பத்திரண்டில்.