கபிரியேலின் களிசான்

கபிரியேல் குதிக்கவில்லை.

மேளம் உருண்டு முடிந்து, ஊரே அந்தக் குதிக்காகக் கழுத்தை நீட்டிய இடத்தில், அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றான்.

மாதா கோவில் திருவிழா. மாத்தளைப் பட்டணத்தில் பாதிப்பேர் அந்தப் பின்னேரம் கோவில் வளவுக்குள்தான் இருந்தார்கள். மேடையில் ‘ரிவர்ஸ்டன் பிரதர்ஸ்’. அவர்களில் ஒருவனுக்கொருவன் சகோதரனும் இல்லை, ஒருவன்கூட ரிவர்ஸ்டன் மலையில் ஏறியதும் இல்லை. ஆனாலும் எழுபத்து நாலாம் ஆண்டில் அந்தப் பக்கத்தில் பொப் பாட்டு என்றால் அவர்கள்தான்.

இரண்டாம் வரிசையில் இருந்த டெய்லர் லோரன்ஸ் மீசைக்குள் சிரித்துக்கொண்டான்.

இந்தக் கூட்டத்தின் பாட்டில் என்ன இருக்கிறதென்று அவனுக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. சளி பிடித்த குரல். டின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கிய மேளம். கடைசியில் கபிரியேல் இரண்டு காலையும் அகட்டி ஒரு குதி குதிப்பான். பலகை ‘தொம்’ என்று அதிரும். ரேடியோவில்கூட அந்தத் ‘தொம்’ கேட்கும். அதற்குப் போய் விசிலடிப்பார்கள்.

ஊர் அடித்துவிட்டுப் போகட்டும். லோரன்ஸின் மனைவி கொறற்றியும் அல்லவா அதில் மயங்கிக் கிடந்தாள்.

பாட்டு பாணைப் பற்றியது. விடியற்காலையிலிருந்து பேக்கரி கியூவில் நின்றும் பாண் கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்புகிறவன் கதை. போன மாதம் லோரன்ஸும் அப்படி வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றான். அந்த நேரம் பார்த்தா ரேடியோவில் அந்தப் பாட்டு வர வேண்டும்? கொறற்றி அவன் கையைப் பார்த்தாள். ‘தொம்’ விழுந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பசியை மறந்துவிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் மறக்க முடியவில்லை.

அதனால்தான் கபிரியேல் சிவப்பு சாட்டின் துணியோடு பெல்பொட்டம் தைக்க வந்தபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலிருந்தது லோரன்ஸுக்கு. களிசானை ஒழுங்காகத்தான் தைத்தான். தொழிலில் துரோகம் செய்ய அவனுக்குக் கை வராது. வாய் வரும். மேடைக்குப் பின்னால் போய் கபிரியேலின் காதருகே குனிந்தான்.

“தம்பி, நல்ல நூல் எங்கயும் கெடைக்கல. கவட்டுத் தையல் தாங்காது. குதிச்சிராதீங்க.”

துணிக்கும் நூலுக்கும் பஞ்சமான காலம், யாரும் நம்புவார்கள். கபிரியேலின் முகம் வெளிறியது.

குதி போனால் கபிரியேல் வெறும் கோது. அதைக் கொறற்றி கண்ணால் பார்க்க வேண்டும், பிடித்த பைத்தியம் தெளிய வேண்டும். லோரன்ஸுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மேடையில் மேளக்காரன் குழம்பிப்போய்க் கையை எடுத்துவிட்டான். கிற்றார் மட்டும் தொடர்ந்தது. கவட்டை நினைத்துப் பயந்தபடியே கபிரியேல் கடைசி அடிகளை மெதுவாகப் பாடினான்.

பாண் கிடைக்காதவன் வாசல்வரை வந்துவிட்டான். உள்ளே போக வெட்கம். செருப்பு வாரைக் கழற்றுவதுபோல் குனிந்து நேரத்தைக் கடத்துகிறான்.

இத்தனை நாளும் மேளச் சத்தத்தில் லோரன்ஸின் காதில் விழாத அடி அது. அவனும் அன்றைக்கு அப்படித்தான் குனிந்தான். அவன் போட்டிருந்த செருப்பில் கழற்றுவதற்கு வாரே இல்லை.

மீசைக்குள் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்தது.

பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூட்டம் கைதட்டியது. லோரன்ஸும் தட்டினான். பக்கத்தில் கொறற்றி மட்டும் கையை மடியில் வைத்தபடியே இருந்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு பேரும் அலுவிகாரையில் இருந்த வீட்டுக்கு நடந்தார்கள். லோரன்ஸுக்குப் பொறுக்கவில்லை. இப்படியொரு பாட்டை இத்தனை நாளும் அந்தக் குதியல்லவா கெடுத்து வைத்திருந்தது என்று வழிநெடுகக் கபிரியேலைப் புகழ்ந்துகொண்டே வந்தான். இன்றைக்குக் குதிக்காததற்குக் காரணம் நூலாக இருக்குமோ என்று சும்மா ஒரு வார்த்தையும் போட்டு வைத்தான்.

“நூலா? நீங்க சாப்பிடப் போன நேரம் அந்தத் தையலுக்கு மேல நானும் கையால ரெண்டு ஓட்டு ஓட்டுனேங்க. அவன் நல்லா குதிக்கட்டும்னு.”

கொறற்றி அவனைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

“அந்தப் பாட்டுல என்னா இருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும். அன்னைக்கு நீங்க பாண் இல்லாம வந்து குனிஞ்சு நின்னப்ப எனக்கு அழுகைதான் வந்துச்சு. அவன் குதிக்கிறத நெனச்சுத்தான் சிரிச்சேன்.”

கடைசி வளைவில் லோரன்ஸ் நின்றான். ரோட்டின் முன்னும் பின்னும் பார்த்தான். ஒரு குருவியும் இல்லை. வாரில்லாத அந்தச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். தன் களிசானை மேலே இழுத்துவிட்டு, காலை அகட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து குதிக்காதவன், ஒரு குதி குதித்தான்.

‘தொம்’ என்று கேட்கவில்லை. ‘டர்ர்’ என்று கேட்டது. இருந்த நல்ல நூலெல்லாம் கபிரியேலுக்குத்தான் போயிருந்தது.

கொறற்றி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்து முடிக்கும்வரை லோரன்ஸ் அசையாமல், அகட்டிய காலை அகட்டியபடியே வைத்துக்கொண்டு நின்றான்.