வெந்நீர் ஓடும் தரை

மகள் சிவசங்கரிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த குருமூர்த்தி, அங்கே எழும்பிக்கொண்டிருந்த புதுக் கட்டடத்தைப் பார்த்து அசந்துபோனார். தரை முழுக்க வளைந்து வளைந்து குழாய்கள் கிடந்தன. ஓரத்தில் பளபளவென்று ஒரு பாய்லர்.

“இதெல்லாம் எதுக்குங்க?”

“குழாயில வெந்நீர் ஓடும். தரையே வெதுவெதுன்னு இருக்கும். பாய்லருக்குக் கொஞ்சம் விறகே போதும்” என்றார் பையனின் அம்மா தனக்கோடி.

“விருத்தாசலம் வெயிலுக்கு இது வேறயா?”

“ஐப்பசி மழையில ஈரத்தரை ஆகவே ஆகாதுங்க.”

குருமூர்த்திக்கு உச்சி குளிர்ந்தது. “இதுல எம் பொண்ணுக்கு எந்த ரூமுங்க?”

தனக்கோடி சிரித்துவிட்டார். “இது பீங்கான் பொம்மைங்க காயறதுக்குங்க. போன மழையில செஞ்சதெல்லாம் காயாம வீணாப்போச்சு. நாங்க இருக்கிறது அதோ, அந்த ஓட்டு வூடு.”

குருமூர்த்தியின் முகம் சுருங்கியது. தள்ளிப்போய் மகளுக்குப் போன் போட்டார்.

“ஓட்டு வூடும்மா. சொகுசெல்லாம் பொம்மைக்குத்தான். வேணாம்னு சொல்லிடட்டுமா?”

“அவசரப்படாதீங்கப்பா! அந்தத் தரையே காலேஜ்ல நானும் அவரும் சேர்ந்து போட்ட பிளான்தான்.”

தரகர் கொண்டுவந்த வரன் என்றுதான் அதுவரை நம்பியிருந்தார் குருமூர்த்தி. கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் மகளின் குரலில் துளிகூட நடுக்கம் இல்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

திரும்பி வந்து, தனக்கோடியிடம் சொன்னார்: “ஐப்பசிக்கு முன்னாடியே கல்யாணத்த வச்சிடலாங்க. பாய்லரை எம் பொண்ணு பாத்துக்குவா.”