ஒரு மெழுகுவத்தி அச்சாரம்

காணாமல்போன மகனுக்கு ஆரோக்கியமேரி வைத்த விலை பத்து மெழுகுவத்தி.

கொழும்பு அந்தோணியார் கோயிலில் ஏற்றிவிட்டு வரச்சொல்லி மொய்னுதீனிடம் காசை நீட்டினாள். பழவேற்காட்டிலிருந்து கைலி மூட்டையோடு அடிக்கடி கொழும்புக்குக் கப்பல் ஏறுகிறவர் அவர்தான்.

சரக்கைக் கண்ணில் காணுமுன் முழு விலை கொடுக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார் மொய்னுதீன். இப்போது ஒன்று, அச்சாரமாக. பையன் உயிரோடு இருப்பது தெரிந்த அன்றைக்கு மீதி ஒன்பது.

சாமியிடமே பேரமா என்று கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தாள். பிறகு யோசித்து, ஒன்றுக்கு மட்டும் காசு கொடுத்தாள்.

முதல் தேர்தல் நடந்த வருஷம், அப்பன் விட்டுப்போன படகை விற்றுவிட்டு ஓடியவன் தாவீது. கொழும்பில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். கடல் கொண்டுபோய்விட்டதாக இன்னொருவன்.

கொழும்புக் கோயிலுக்குள் பொழுது எந்தப் பொழுதென்றே தெரியவில்லை.

எங்கு பார்த்தாலும் சுடர். புகைக்குள் அந்தோணியாரின் முகம், தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் அசைந்தது. யாரோ ஒருத்தி சிங்களத்தில் அழுதாள். துறைமுகத்தில் கப்பல் ஊதியது. தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்ற மொய்னுதீனுக்கு, பழவேற்காட்டு ஏரிக்கு அடியில் நின்றுகொண்டிருப்பதாகவே தோன்றியது.

உருகிய மெழுகைச் சுரண்டிக்கொண்டே வந்த ஒருவனின் தகடு, அவர் ஏற்றிய மெழுகுவத்தியின் அருகே நின்றது.

"இன்னா பாய், இம்மாந்தூரம் வந்துகினு ஒத்தை மெழுவத்திதானா?"

தாடிக்குள் தாவீது இருந்தான்.

யாருக்காக என்று கேட்டான். உனக்காகத்தான் என்றதும் தகடு கையிலிருந்து நழுவியது.

படகை மீட்கப் பணம் சேருமட்டும், தன்னைப் பார்த்ததாக அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். மெழுகு ஒட்டிய அந்தக் கை சுட்டது. மொய்னுதீன் அல்லா மேல் ஆணையிட்டார். கொடுத்த வாக்கில் மட்டும் அவர் பேரம் பேசுவதில்லை.

பொன்னேரி ரயிலடியில் ஆரோக்கியமேரி கூடையோடு நின்றிருந்தாள். அவர் வாயையே பார்த்தாள்.

மொய்னுதீன் மூட்டையை இறக்கினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். சந்தையில் கணக்கு முடிக்கிற குரலில் சொன்னார்:

"அந்தோணியாருக்கு ஒம்போது பாக்கி நிக்குது, மேரிம்மா."