மீன் ஆய்கிறவர்

தான் இல்லாமல் தன் வீட்டில் ஓர் அணுவும் அசையாது என்பது ஆய்வாளர் கிறிஸ்துதாஸின் வாழ்நாள் கொள்கை. அந்தத் தைரியத்தில்தான் தினமும் ஆபீஸ் விட்டதும் கோமுகி அணையில் பரிசல் ஏறித் தூண்டில் போட்டார்.

அன்று ஆறரைக்குள் எட்டு ஜிலேபிக் கெண்டை சிக்கின. பரிசலில் இருந்தபடியே மனைவி ஜெஸிக்குப் போன் போட்டார்.

"மசாலா அரைச்சி வை. மீனோட வர்றேன்."

"யாருங்க நீங்க? எங்க வூட்டுக்காரர் போனு உங்களாண்ட எப்படி வந்துச்சு?"

"ஏய், நான்தான்டி!"

"வெளயாடாதீங்க. அவரு அப்பவே வந்துட்டாரு. தோ, மீன் ஆய்ஞ்சிகினு கீறாரு."

போனில் அவளுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. அவருடைய இருமலேதான். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது.

"அது நான் இல்லடி! வெளிய தொரத்து!"

ஜெஸி குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவா பேசுங்க. இன்னும் ரெண்டு மீன் பாக்கி கீது."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாகியும் கிறிஸ்துதாஸ் ஒரு மீனைக்கூட ஆய்ந்ததில்லை.